செய்தியின் நம்பகமும் திரை நாடகமும்: ஒரு வரலாற்று நோக்கு

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி ஆகிய மூன்று ரகங்களும் குவிண்டால் என்ன விலைக்குப் போயின என்று பத்திரிகையில் வரும் செய்தியை இவ்வூர்க் குடியானவர் நம்புவதற்குக் காரணம் பத்திரிகையின்மீது உள்ள பக்தியன்று. மூட்டையோடு ஏலத்துக்குப் போய் வந்தவர் பக்கத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். சென்னையிலும் தில்லியிலும் நடக்கும் ராஜாங்க விவகாரங்களுக்கு இத்தகைய பிரத்தியட்சப் பிரமாணம் கிடையாது. அச்செய்திகளை யார் திரட்டுகிறார்கள், யார் மறைக்கிறார்கள் என்பது பற்றிப் பொதுஜனங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தில் பெரும்பகுதி நாடகமும் திரையும் ஊட்டியதே என்பது என் துணிபு.

நாடகமே பத்திரிகையைப் பெற்றெடுத்த விசித்திரமும் இந்நாட்டில் உண்டு. சோ 1968-இல் மேடையேற்றிய 'முகம்மது பின் துக்ளக்' நாடகத்தின் பெயரே 1970-இல் அவர் தொடங்கிய 'துக்ளக்' பத்திரிகைக்கும் வாய்த்தது. நெருக்கடிநிலை வந்தபோது அப்பத்திரிகை தணிக்கையைக் கண்டித்துக் கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. அதே நெருக்கடி நாட்களில், 1975 ஆகஸ்டு 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. பிறந்தபோதே சர்க்காரின் குரலாக இருந்துவிட்ட ஒரு ஸ்தாபனத்தின் செய்தியை ஜனங்கள் அரைமனதோடு கேட்டதில் ஆச்சரியமில்லை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி மாண்ட செய்தியை பி.பி.சி. முன்னதாகவே சொல்லிவிட, ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது.

அவநம்பிக்கை மிகுந்த அக்காலத்தில் திரையில் தோன்றிய பத்திரிகையாளர் உத்தம புருஷராக இருந்ததைக் கவனிக்க வேண்டும். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கி 1986-இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' படத்தில், செல்வாக்கு மிக்க கொலைகாரனை ஒரு நாளேட்டின் ஆசிரியரும் நிருபரும் எதிர்த்து நிற்கிறார்கள். அதே ஆண்டின் 'நியூ டெல்லி டைம்ஸ்' என்னும் இந்திப் படமும் ஒரு பத்திரிகை ஆசிரியரைப் பற்றியதே.

1993-இல் சன் டி.வி.யும் 1999-இல் ஜெயா டி.வி.யும் வந்த பிறகு நிலைமை அடியோடு மாறிற்று. 1999-இல் வெளியான 'முதல்வன்' படத்தில், முதலமைச்சரை நேருக்கு நேர் மடக்கிக் கேட்கிற தொலைக்காட்சி இளைஞன் ஒருநாள் முதல்வராகவே ஆகிவிடுகிறான். கேமரா பொய் சொல்லாது என்ற அந்த நம்பிக்கையை 2001 ஜூன் 30-ஆம் தேதி சோதித்தது. நள்ளிரவுக்குப் பின் கருணாநிதி கைதான காட்சியைச் சன் டி.வி. போலீஸின் அட்டூழியமாகக் காட்ட, மத்திய அமைச்சர்கள் போலீஸாரோடு மல்லுக்கு நின்றதாக ஜெயா டி.வி. காட்டிற்று. எதை நம்புவது என்பது எந்தக் கட்சி என்பதைப் பொறுத்ததாயிற்று. பின்னர், 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அந்தச் சச்சரவை ஏழைக் குடிசை வரை கொண்டுசேர்த்தது.

இதன் விளைவை 2011-இல் வந்த கே.வி. ஆனந்தின் 'கோ' படத்தில் காண்கிறோம். முதல்வராக உயர்ந்த தன் நண்பனின் சதியைக் கண்டறிந்த பத்திரிகைப் புகைப்படக்காரன், அவன் இறந்த பின் உண்மையை மறைத்து, அவனைத் தியாகியாக உலகுக்கு அறிவிக்கிறான். அப்புகைப்படக்காரன்தான் படத்தின் நாயகன்! ஒரு செய்தியாளன் நல்ல நோக்கத்தோடு பொய் சொல்லலாம் என்பதைக் கைதட்டி ஏற்றுக்கொண்ட ரசிகரைப் பற்றி ஆராய்ச்சியாளர் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2022 டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் வந்த 'வதந்தி' தொடரிலோ, கிடைத்த பிணம் ஒரு நடிகையுடையது என்று செய்தி பரவிவிட, அந்நடிகை உயிரோடு இருக்கிறாள். பத்திரிகைகளும் அலைவரிசைகளும் இறந்த பெண்ணின் நடத்தையை விற்பனைச் சரக்காக்குகின்றன. பத்திரிகையாளர் துப்பறியும் நாயகர் என்ற ஸ்தானத்தை இழந்து குற்றத்தின் பங்காளியாகிறார். செய்தி அலைவரிசைகளை இத்தனை வெளிப்படையாகக் குறைகூறும் அத்தொடர், அந்த அலைவரிசைகள் எதிலும் வரவில்லை. சந்தா கட்டினோர் மட்டுமே காணும் அமேசான் பிரைமில் 8 பகுதிகளாக வெளியாயிற்று.