பற்றுவாயைச் சுற்றிய வளையம்: பென்சில்வேனிய நீள்குழல் துப்பாக்கிகளின் அசல்தன்மை குறித்து

1

பென்சில்வேனியாவின் கைவினைச் சுரிகுழல் துப்பாக்கிகளை மதிப்பிடுவோர் ஒரு சின்னஞ்சிறு அடையாளத்தின் மேல் பெரும் பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கிண்ணத்து மருந்தின் தீ குழலுக்குள் பாயும் துளைக்குப் பற்றுவாய் என்று பெயர். அதைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரிந்தால், அந்தச் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒரு காலத்தில், மோதினால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பியால் தீமூட்டும் கேப்பு முறைக்கு மாற்றப்பட்டு, சேகரிப்பாளர் காலத்தில் மீண்டும் சக்கிமுக்கிக்குத் திருப்பப்பட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். கோடு தெரியவில்லை என்றால், பட்டறையிலிருந்து வெளிவந்தபடியே இருக்கும் அசல் என்கிறார்கள்.

இந்த வாசிப்பின் இரு பாதிகளையும் இக்கட்டுரை மறுக்கிறது. வளையம் கேப்பு மாற்றத்தைக் காட்டலாம். அதை மட்டுமே காட்டும் என்று கொள்ள இடமில்லை. வளையம் இல்லாமை அசல்தன்மைக்குச் சான்றாவதோ இன்னும் பலவீனமான வாதம். இந்த வாசிப்பால் விளைந்த கேடு ஒன்றும் உண்டு. கேப்பு முறைக்கு மாறிய துப்பாக்கி 'கெட்டது' என்றும், அதைத் திருப்புவது 'மீட்பு' என்றும் ஒரு தரவரிசை உருவாகிவிட்டது. பொருள் தரும் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பதே என் முடிவு.

2

வளையம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பற்றுவாய் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தமும் சூடும் மிகுந்த வாயு அதன் வழியே பீறிட்டு வெளியேறும். வெடிமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைக்காமல் விட்டால் ஓரிரு நாளிலேயே துரு பிடிக்கும். குழலோ மென்மையான தேனிரும்பு. ஆண்டுக்கணக்கில் புழங்கிய துப்பாக்கியில் இத்துளை அகன்றுகொண்டே போகும். அகன்றால் அழுத்தம் பக்கவாட்டில் வீணாகும், குண்டின் வேகம் குறையும், பக்கத்தில் நிற்பவர்மேல் பொறி தெறிக்கும். அப்போது உள்ளூர்க் கொல்லர் துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, இரும்பு புஷ் ஒன்றைத் திருகி, அதன் நடுவே புதுத் துளை இட்டுவிடுவார். அந்தப் புஷ்ஷின் விளிம்புதான் வளையக் கோடு. இந்தத் துப்பாக்கி ஒரு நாளும் கேப்பைக் கண்டதில்லை. இருந்தும் வழக்கமான வாசிப்பு இதைத் திருப்பப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிடும்.

அடுத்தது, பிறக்கும்போதே புஷ் வைத்துப் பிறந்த துப்பாக்கி. ஆங்கிலேய உயர்தரத் துப்பாக்கிகளில் பற்றுவாய்க்குப் பொன்னாலும் பிளாட்டினத்தாலும் உள்ளுறை இட்டார்கள். பென்சில்வேனியப் பட்டறைகளில் இது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரிது என்பதால் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவதுதான் வழக்கமான வாசிப்பு சொல்லும் வரலாறு. ஃபோர்சித் பாதிரியார் 1807இல் காப்புரிமை பெற்ற மோதுவெடி முறை, செப்புக் கேப்பாக எளிமையடைந்து 1820களுக்குப் பின் பரவியது. மழையில் நனைந்த கிண்ணத்தோடு மல்லாடிய வேட்டைக்காரர் கேப்பை விரும்பியதில் வியப்பில்லை. பற்றுவாயை அகலப்படுத்தி மரை வெட்டி, பக்கவாட்டில் ஓர் உருளையைத் திருகி, அதன் மேல் கேப்பு மாட்டும் கூம்பை வைத்தார்கள். கிண்ணம், தீத்தட்டும் எஃகு, அதன் வில் ஆகியவற்றைக் கழற்றினார்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரைக்குப் பதிலாகச் சுத்தியல் முகம் கொண்ட குதிரை வந்தது. 20ஆம் நூற்றாண்டில் இவற்றையெல்லாம் நீக்கி, உருளை இருந்த இடத்தைப் புஷ்ஷால் அடைத்து, சிறு துளையிட்டால் நாம் பேசும் அதே வளையம் கிடைக்கும்.

நான்காவது வரலாறு மோசமானது: கேப்பு முறையிலேயே பிறந்த துப்பாக்கியைச் சக்கிமுக்கியாக வேடமிடுவது. அதிலும் உருளை உண்டு, புஷ் உண்டு, வளையம் உண்டு. ஆனால் 'திருப்புதல்' என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. திரும்பிச் செல்ல இதற்குச் சக்கிமுக்கிக் காலம் என ஒன்று இருந்ததில்லை. வழக்கமான வாசிப்பு மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. இதை அதன் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

நான்கு வரலாறுகளுக்கும் அடையாளம் ஒன்றே என்றால், அவற்றைப் பிரிப்பது எப்படி? வளையத்தை அளந்து பார்க்கவேண்டும். முதல் அளவு விட்டம். தேய்ந்த பற்றுவாயைச் சரிசெய்யச் சிறு புஷ் போதும். உருளையைத் தாங்கிய துளையோ பெரும்பாலும் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வரை இருக்கும். இதைச் சாய்வு என்று மட்டும் கொள்கிறேன், தீர்ப்பாகக் கொள்ளவில்லை. மிகவும் அரிக்கப்பட்ட துளைக்குப் பெரிய புஷ் தேவைப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது மரை. இதைத்தான் நம்பகமான சான்றாக முன்வைக்கிறேன். 1864இல் வில்லியம் செல்லர்ஸ் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை முன்வைத்தார். அதற்கு முன் அமெரிக்கப் பட்டறைகளில் பொது மரை கிடையாது. ஒவ்வொரு கொல்லரும் தம்மிடமிருந்த மரைவெட்டிக்கு ஏற்ப வெட்டினார். புஷ்ஷின் மரை இன்றைய ஏதேனும் ஒரு நியம அளவோடு இம்மியும் பிசகாமல் பொருந்தினால், அது சக்கிமுக்கிக் காலத்துப் பழுது என்று வாதிடுவது கடினம். சீரற்ற, ஆழமற்ற, எந்த நியமத்துக்கும் அடங்காத மரை என்றால் பழைய கையை நாம் கருதலாம். குழலை வெட்டாமலே நல்ல ஊடுகதிர்ப் படத்தில் இந்த மரையைப் பெரும்பாலும் காணமுடியும்.

மூன்றாவது உலோகம். பழைய தேனிரும்பில் கசடு இழை இழையாக ஓடும். இன்றைய மென் எஃகில் அந்த இழைகள் இல்லை. குழலில் கசடு இழை இருந்து, புஷ்ஷில் இல்லாமல் போனால், இரண்டும் ஒரு காலத்தவை அல்ல.

நான்காவது உட்புறம். வாய்வழியே நீண்ட உள்நோக்கியைச் செலுத்தினால் புஷ்ஷின் உள்முனையைப் பார்க்கலாம். புஷ் வைத்த பிறகும் பல ஆண்டுகள் சுட்டிருந்தால் அந்த முனையும் அதைச் சுற்றிய சுவரும் ஒன்றாக அரிக்கப்பட்டிருக்கும். சுவர் குழி குழியாகவும் புஷ் முனை வழவழப்பாகவும் இருந்தால், அந்தப் புஷ் வேலை செய்து பழகியதில்லை. வெளிப்புற அரிப்பை அமிலத்தால் போலி செய்யலாம். ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், குழலின் அடியில், சுவரோடு ஒத்துப்போகும்படி அரிப்பை உண்டாக்கப் பாடுபட்டவர்கள் குறைவு. பார்ப்பதற்காக, குழலின் பின்முனையை மூடும் அடித்திருகைக் கழற்றுவது மட்டும் கூடாது. அதுவே புதிய சேதம்.

3

இனி, வளையம் இல்லாத துப்பாக்கி. இங்கும் வரலாறு ஒன்றல்ல. உண்மையாகவே கை படாதது உண்டு; அது முதல் வகை. இரண்டாவது வகையில் உருளைத் துளையைப் புஷ்ஷுக்குப் பதிலாகப் பற்றவைப்பால் நிரப்பியிருப்பார்கள். திறமையான பற்றவைப்பை அரத்தால் தேய்த்து நிறமூட்டினால் வளையம் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. வேலை எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்கு நம் முறை அதை 'அசல்' என்று பாராட்டும். ஏமாற்றுத் திறமைக்குப் பரிசளிக்கும் முறையை ஆய்வு முறை என்று எப்படி அழைப்பது? சூட்டை மறைத்துவிட முடியாத இடம் ஒன்று இருக்கிறது: கட்டைக்குள் புதைந்திருக்கும் குழலின் அடிப்பரப்பு. அங்கே பழைய அரத் தடங்களும் பழைய நிறமும் தங்கியிருக்கும். குழலின் பின்முனையான அடிவாய் அருகே மட்டும் அவை திடீரென்று அறுபட்டால், அங்கு நெருப்பு வேலை நடந்திருக்கிறது.

மூன்றாவது வகையை யாரும் போதுமான அளவு கருதவில்லை. அடிவாய் மிகவும் அரிக்கப்பட்டால், கொல்லர் குழலின் அடியிலிருந்து சில அங்குலம் அறுத்து எறிந்துவிட்டு, மீதியைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துவார். பழைய பற்றுவாய், உருளை இருந்திருந்தால் அதன் துளை, எல்லாம் அறுத்த துண்டோடு போய்விடும். புதிய பற்றுவாய் கன்னி இரும்பில் அமையும். வளையம் எப்படி இருக்கும்? ஆனால் இந்த வேலை வேறிடத்தில் தடம் விடும். குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகளுக்கான காதுகள் குழலின் அடியில் உள்ளன. குழல் நகர்ந்தால் அந்தக் காதுகளும் நகரவேண்டும். பழைய பள்ளங்கள் அடைக்கப்பட்டு, அடுத்துப் புதியவை வெட்டப்பட்டிருக்கும். குறிபார்க்க உதவும் பின்குறி இருந்த பள்ளமும் அப்படியே. கைவினைஞரின் பெயர் பெரும்பாலும் பின்குறிக்கும் அடிவாய்க்கும் இடையே மேல் முகத்தில் வெட்டப்பட்டிருக்கும். அது அடிவாயை ஒட்டி நெருங்கி நின்றால் காரணம் கேட்கவேண்டும்.

குழலில் வெட்டிய ஆண்டுக்கும் இதே கவனம் வேண்டும். பென்சில்வேனியக் கைவினைஞர் கிறிஸ்டியன் எர்ட்டர் குழலில் 1774, 1775 என ஆண்டு வெட்டிய துப்பாக்கிகள் இத்துறைக்கு அடித்தளம். அந்த ஆண்டுகள் குழலுக்குரிய சான்று. அதனோடு சேர்ந்த பூட்டுப் பொறிக்கும் கட்டைக்கும் அந்த ஆண்டைத் தானாகவே நீட்டிவிடக்கூடாது. பொருத்தத்தை ஒவ்வொரு முறையும் தனியே நிறுவவேண்டும்.

4

வளையத்தின் மேல் ஏற்றிய பாரத்தை நான் இறக்கி வைப்பது பொறித்தகட்டின் மேல். சக்கிமுக்கிப் பொறியின் தகட்டில் கிண்ணத்துக்கும், எஃகின் சுழல் திருகாணிக்கும், அதன் வில்லுக்கும் துளைகள் உண்டு. கேப்பு முறைக்கு மாறும்போது இவை அடைக்கப்படும், சில சமயம் வெறுமனே விடப்படும். ஆகவே, கேப்புக் குதிரையோடு நம் கைக்கு வரும் துப்பாக்கியின் தகட்டில் அடைக்கப்பட்ட இத்துளைகள் இருந்தால், அந்தப் பொறி சக்கிமுக்கியாகப் பிறந்தது என்பதற்கு அவை கண்கூடான சாட்சி. திருப்பும் வேலை என்ன செய்கிறது? அடைப்புகளைப் பிடுங்கி, அந்தத் துளைகளிலேயே புது உறுப்புகளைத் திருகுகிறது. 'இது சக்கிமுக்கியாகப் பிறந்தது' என்று காட்டிய கண்கூடான சான்று, அதைச் சக்கிமுக்கியாகக் காட்டுவதற்காகவே அழிக்கப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. பென்சில்வேனியத் துப்பாக்கிகளின் பூட்டுப் பொறிகளில் கணிசமானவை உள்ளூரில் அடித்தவை அல்ல. பர்மிங்ஹாம் கெட்லாண்ட் நிறுவனத்தின் பெயர் தாங்கிய பொறிகள் லங்காஸ்டர், லெபனான் பட்டறைகளுக்குச் சரக்காக வந்து சேர்ந்தன. தகட்டில் துளை இருப்பதால் பொறி சக்கிமுக்கி. அந்தப் பொறி இந்தக் கட்டைக்கே உரியதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை மரத்தில் இருக்கிறது. அலைவரி மேப்பிள் கட்டையில் பொறிக்காகக் குடைந்த பள்ளத்தின் சுவர்களில், பொறியின் உள்ளுறுப்புகளும் திருகாணி முனைகளும் நீண்ட காலத்தில் துருப்பதிவு இட்டிருக்கும். தகட்டின் விளிம்பும் பள்ளத்தின் விளிம்பும், உறுப்பும் பதிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் இரண்டும் சேர்ந்தே முதுமை அடைந்தவை. கிண்ணத்துக்குப் பின்னால் மரம் கருகியிருப்பதும் உருளைக்குக் கீழே கருகியிருப்பதும் வெவ்வேறு. ஒரே கட்டையில் இரண்டு கருகலும் தெரிந்தால் அத்துப்பாக்கி இரு வாழ்வும் வாழ்ந்தது என்று எழுதலாம்.

5

மறுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் நிதானமாக விடை சொல்லவேண்டும். கேப்பு கிடைக்காத எல்லைப்புறத்தில் உரியவரே 19ஆம் நூற்றாண்டில் சக்கிமுக்கிக்குத் திரும்பியிருக்கலாமே என்கிறார்கள். திரும்பியிருக்கலாம். அப்படியானால் அந்தப் புஷ்ஷின் மரை பழையதாகவும், உள்முனை சுவரோடு சேர்ந்து அரிக்கப்பட்டதாகவும் இருக்கும். அதுவும் பழைய வேலையே, அதையும் காப்பாற்றவேண்டும். என் முறை இந்த மறுப்பையும் உள்ளடக்கியே நிற்கிறது.

ஊடுகதிர்ப் படத்துக்குச் செலவாகும் என்ற மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு பொருளைத் திருத்தியமைக்கும் செலவைவிட அது எங்கும் அதிகமில்லை. சக்கிமுக்கி உருவமே அழகு என்பது உண்மையாக இருக்கலாம். அது அசல்தன்மையைப் பற்றிய வாதம் ஆகாது.

எனவே இத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யும்போது 'அசல்', 'திருப்பப்பட்டது' என்ற இரு சொற்களை நிறுத்திவிடலாம் என்று முன்மொழிகிறேன். அவற்றின் இடத்தில் வளையம் உண்டா, விட்டம் எவ்வளவு, மரை எந்த அளவு, உலோகம் எது, உள்முனை எப்படி என்ற விவரங்கள் எழுதப்படட்டும். பொறித்தகட்டின் துளைகள், பள்ளத்தின் பதிவுகள், குழலின் அடிப்பரப்பு ஆகியவை பற்றி ஒவ்வொரு வரி சேரட்டும். தரவரிசையில் கை படாத சக்கிமுக்கி முதலிடம் பெறட்டும். அடுத்த இடம் 1830களிலோ 1840களிலோ மாறி, மாறியபடியே இருக்கும் துப்பாக்கிக்கு உரியது. கழற்றிய உறுப்புகளோடும் எழுத்துப் பதிவோடும் திருப்பப்பட்டது அதற்குக் கீழே. பதிவில்லாமல் திருப்பப்பட்டது, எவ்வளவு அழகாயிருந்தாலும், கடைசி.

ஒரு வேட்டைக்காரர் தம் தந்தையின் துப்பாக்கியைக் கொல்லரிடம் கொண்டுபோய், இனிக் கேப்பு போட்டுக் கொடுங்கள் என்று கேட்ட நாள் அந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு நாள். அந்த உருளையும் அடைக்கப்பட்ட துளைகளும் அந்த நாளின் சாட்சிகள். அவை இன்று எங்கே இருக்கின்றனவோ, அங்கேயே இருக்கட்டும்.