மிஸ் எங்க போனாங்க?

நம்ம பொட்டி தட்டுற பொழப்புல எவனாவது பேப்பர் போட்டா, கேக் வெட்டி அனுப்பிட்டு மறுபடி ஆணி புடுங்கப் போயிடுவோம். அக்கா பொண்ணுக்கு மூணு வயசு. ஒரே வருஷத்துல இது அவளுக்கு மூணாவது மிஸ். புது மிஸ் தூக்க வந்தா வாசல்லயே நின்னு அழறா. அங்க ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி.

இந்தக் கணக்கை அமெரிக்காவுல 1988லயே எடுத்திருக்காங்க. மார்சி வைட்புக், கரோலி ஹவ்ஸ், டெபோரா பிலிப்ஸ்னு மூணு பெண்கள், அட்லாண்டா, பாஸ்டன், டெட்ராய்ட், ஃபீனிக்ஸ், சியாட்டில்னு 5 ஊர்கள்ல 227 காப்பகங்களை அலசினாங்க. வருஷத்துக்கு வேலையை விடுறவங்க 1977ல 15 சதவீதம், 1988ல 41! சராசரி சம்பளம் மணிக்கு 5.35 டாலர். யார் நிப்பாங்க, யார் போவாங்கன்னு மத்த எதையும் விட சம்பளம்தான் தீர்மானிக்குதுன்னு தெரிஞ்சுது. ஆள் மாறிக்கிட்டே இருந்த இடத்துல பிள்ளைங்க பேச்சுலயும் பழக்கத்துலயும் பின்தங்கி இருந்தாங்க.

இத்தனைக்கும் 1971லயே நாடு முழுக்கக் காப்பகம் அமைக்கிற மசோதா காங்கிரஸ்ல (அந்த ஊர் காங்கிரஸ்ங்க!) பாஸாச்சு. நிக்சன் வீட்டோ பண்ணிட்டார்.

கூத்து என்னன்னா, 1989ல ராணுவக் காப்பகங்களுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டாங்க. பயிற்சி முடிக்க முடிக்க சம்பளம் ஏறும். விட்டுட்டு ஓடுறவங்க எண்ணிக்கை சரசரன்னு இறங்கிடுச்சு. ராணுவத்துக்காரன் கணக்கு கரெக்டாத்தான் இருக்கு :-)

அக்கா பொண்ணோட பழைய மிஸ்ஸைப் பத்தி விசாரிச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடையில இருக்காங்களாம். அங்க மாசம் ரெண்டாயிரம் கூட.