எழும்பூரில் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு

இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கின் சபைகள், போர்டுகள், பஞ்சாயத்துகள் பற்றிய பழைய எழுத்துகளில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. சென்னை எழும்பூரில் இருக்கிறது. செப்பேட்டைப் பார்க்க வேண்டுமானால் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். காகிதம் வேண்டுமானால் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

இவற்றில் மூத்தவை சின்னமனூர்ச் செப்பேடுகள். பெரியது, சிறியது என இரண்டு தொகுதிகள். பெரிய செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாண்டியன் இராசசிம்மன் வெளியிட்டது. மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் வைக்கப்பட்டதையும் அது சொல்வதால், இலக்கிய வரலாறு எழுதியவர்கள் அந்த வரிகளையே திரும்பத் திரும்ப எடுத்தாண்டார்கள். ஆனால் ஏடு வெட்டப்பட்ட காரணம் வேறு: நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரைப் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்கான கொடையாக, கொடுத்ததற்கான பத்திரம் அது. அந்நாளில் அரிகேசரிநல்லூர் எனப்பட்ட சின்னமனூரின் கோயில் கல்வெட்டுகள் பெயர்த்துக் கொண்டுபோக முடியாததால் ஊரிலேயே தங்கின. செப்பேடு கையில் எடுத்துப் போகக்கூடியது, போய்விட்டது.

காகிதத்தின் கதை 1792இல் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பம் பள்ளத்தாக்கும் அதோடு போயிற்று. அதிலிருந்து பாளையங்களின் பேஷ்குஷ் (கப்பம்), எல்லை, வாரிசுரிமைத் தகராறுகள் கலெக்டர் வழியாக வருவாய் வாரியத்துக்கு ஏறின. போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் ஜமீன்களின் கதையை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை அந்தக் கட்டுகளில் தேடிப் படிக்கலாம். இந்தத் தாள்களுக்கெல்லாம் 1909இல் எழும்பூரில் தனிக் கட்டடம் கிடைத்தது. சென்னை ரெக்கார்டு ஆபீஸ் என்று அன்று பெயர். 1670களிலிருந்து கோட்டையில் சேர்ந்துகொண்டே வந்த ஏடுகளும் இங்கே வந்தன.

ஊர் நிர்வாக அமைப்புகள் காகிதத்தில் அடிக்கடி தலைகாட்டுவது 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பிறகுதான். ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தையொட்டி 1884இல் வந்த சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று படிகளை வைத்தது. 1886இல் பெரியகுளம் நகராட்சியாயிற்று. தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிக்கப்பட்டன. அவற்றின் வாழ்வு மொத்தமே அரை நூற்றாண்டு.

இந்த அமைப்புகளின் குரல் அரசாணைக்குள் எங்கே இருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. ஆணையின் தலையில் ‘படிக்கப்பட்டது’ என்ற பகுதி வரும். நகராட்சித் தலைவரின் கடிதம், அதன்மேல் கலெக்டரின் குறிப்பு, மேலதிகாரியின் பரிந்துரை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். கீழே அரசின் முடிவு இரண்டே வரியில் முடிந்துவிடும். வரலாறு தேடுபவருக்கு அந்த இரண்டு வரியைவிட மேலே உள்ள கடிதம்தான் விளைச்சல். இன்னொன்று: காப்பகம் தாள்களை எழுதியவர் வரிசையில் அடுக்கவில்லை, வாங்கிய துறையின் வரிசையில் அடுக்கியிருக்கிறது. அதனால் கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்புகள் அங்கே பெரும்பாலும் கேட்பவராகவோ வழக்காடுபவராகவோதான் தெரிகின்றன. தன் வாய்க்காலைத் தானே தூர்வாரி, மடைத் தகராறைத் தானே தீர்த்துக்கொண்ட ஊர் எழும்பூரில் ஒரு தாளைக்கூட விட்டுச்செல்லாமல் போகலாம். 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்த பிறகு நீர்ப்பங்கீட்டுத் தகராறுகளைப் பொதுப்பணித் துறைக் கட்டுகளிலும் தேட வேண்டியதாயிற்று.

அரசிடம் வந்ததை மட்டுமே காட்டும் காப்பகத்தின் சாய்வு மிக அப்பட்டமாகத் தெரிவது பிரமலைக் கள்ளர் விஷயத்தில். உசிலம்பட்டிப் பக்கத்தோடு கம்பம் பள்ளத்தாக்கிலும் பரவி வாழும் இவர்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. அதை எதிர்த்தவர்களை 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. அதே காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டம் ஊர்தோறும் பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தியது. அந்தப் பஞ்சாயத்துகளைப் பற்றி அரசுக் கட்டுகளில் தாள் உண்டு; ஏனென்றால் அவை அரசு அமைத்தவை. ஆனால் எட்டு நாடு, இருபத்துநாலு உபகிராமம் என்று அவர்களுக்கென்று இருந்த நாட்டுக்கூட்டம் பெரிதும் வாய்ச்சொல்லால் நடந்தது. காப்பகத்தை மட்டும் நம்பி எழுதினால், ஒரு சமூகத்துக்கு ஒழுங்கைக் கற்பித்ததே சர்க்கார்தான் என்ற பொய்க்குத்தான் அது கொண்டுபோய் விடும். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

எழும்பூருக்குப் போகாத எழுத்தும் உண்டு. வணிக ஊர்களின் நாடார் உறவின்முறைகள் (சமூகச் சங்கங்கள்) மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து, அதில் கோயிலும் பேட்டையும் பள்ளிக்கூடமும் நடத்தின. தேனி மேலப்பேட்டை உறவின்முறையும் பள்ளி, கல்லூரி நடத்தும் அமைப்பு. இப்படிப்பட்ட அமைப்புகளின் நாள்வழியும் பேரேடும் அவரவர் பெட்டகத்துக்குரியவை. சங்கமாகப் பதிவு செய்துகொண்டவை மட்டும் உறுப்பினர் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்கின்றன.

அலுவலகத்துக்கு வந்த தாளெல்லாம் காப்பகம் வரை போய்ச் சேர்வதில்லை. முடிந்த கோப்பின் மேல் எழுதும் இரண்டு எழுத்தே அதன் ஆயுள்: ‘ஓ.மு.’ என்றால் ஓராண்டு, ‘மூ.மு.’ என்றால் 3 ஆண்டு, ‘ப.மு.’ என்றால் 10 ஆண்டு. ஊர்க்காரர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்த விண்ணப்பத்தின் ஆயுளும் அந்த எழுத்தைப் பொறுத்ததே.

தேனி தனி மாவட்டமாவதற்கான அரசாணை வந்தது 1996இல். அதற்கு முந்திய எதையும் தேனி மாவட்டம் என்ற தலைப்பில் கேட்டுப் பயனில்லை. மதுரை மாவட்டம் என்று எழுதி, துறை, ஆணை எண், தேதி மூன்றையும் சீட்டில் குறித்துக் கொடுத்தால்தான் கட்டு மேசைக்கு வரும்.