புதுசா வாங்கிய பாம்பு தண்ணீரிலேயே கிடக்கிறதா? மைட்ஸ் இருக்கான்னு முதலில் பாருங்கள்

வீட்டுக்கு வந்து மூன்றே நாள்தான். ஆசையாக வாங்கிய பால் பைத்தான் தன் மறைவிடத்தை விட்டுவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. (பந்து போலச் சுருள்வதால் வந்த பெயர் அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) "நம்ம ஊரு வெயில் தாங்கல போல" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இருக்கலாம். தோலுரிக்கப் போகும் பாம்பும் அப்படிக் கிடக்கும். ஆனால் புதிதாக வந்த பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரை விட்டு வரவில்லை என்றால், முதல் சந்தேகம் மைட்ஸ் மேல்தான் விழ வேண்டும்.

மைட்ஸ் என்றால் என்ன?

பாம்பின் ரத்தத்தைக் குடித்து வாழும் சிற்றுண்ணி. அறிவியல் பெயர் ஓஃபியோனிசஸ் நேட்ரிசிஸ். நாய் உடம்பில் பார்க்கும் உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் அளவில் மிகச் சிறியது. நன்றாக ரத்தம் குடித்த பெண் சிற்றுண்ணியே 1 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கறுப்பு மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, தாடைக்கு அடியில் உள்ள மடிப்பு, செதில்களின் இடுக்கு, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. வெள்ளை டிஷ்யூவை லேசாக நனைத்து, பாம்பைத் தலையிலிருந்து வால் வரை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால், நசுக்கும்போது சிவப்பாகக் கறை பட்டால், சந்தேகமே வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் செத்து மிதக்கும் புள்ளிகளையும், செதில் மேல் சாம்பல் போல ஒட்டியிருக்கும் வெள்ளைத் துகள்களையும் பாருங்கள். அந்த வெள்ளைத் துகள் மைட்ஸின் எச்சம். தொட்டியில் பரப்பிய ஈர மண்ணில் மட்டும் வெளிர் நிறப் பூச்சிகள் ஓடினால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் மக்கிய பொருளைத் தின்பவை, பாம்பைத் தொடாது. "சாப்பிட மாட்டேங்குது" என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பால் பைத்தான் எந்த நோயும் இல்லாமலே வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

ஏன் அலட்சியம் கூடாது?

சின்னப் பாம்பாக இருந்தால் ரத்தச்சோகை வரும். தோல் சரியாக உரியாது. கடித்த புண் வழியாகக் கிருமி நுழையும். ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு நோய்க்கிருமிகளைக் கொண்டு போவதிலும் மைட்ஸுக்குப் பங்கு இருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். மனிதர்களையும் சில சமயம் கடித்து அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். ஆனால் நம் உடம்பில் குடியிருக்காது.

பலர் தோற்றுப்போகும் இடம் எது தெரியுமா? பாம்பின் மேல் தெரிவது கொஞ்சம்தான். முட்டைகள் பாம்பின் உடம்பிலேயே இருக்காது. தொட்டியின் மூலை, மரப்பட்டையின் விரிசல், மூடியின் இடுக்கு என்று இருட்டான ஈரமான இடம் தேடிப் போய்ப் பெண் முட்டையிடும். வாழ்நாளில் ஒன்று 60 முதல் 80 முட்டை வரை இடும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில், முட்டை வளர்ந்து முழு சிற்றுண்ணியாக 13 முதல் 19 நாள் போதும். மலேசியாவின் சூடும் ஈரப்பதமும் அதற்குச் சொர்க்கம். போதாததற்கு, இணை சேராத பெண்ணும் முட்டையிடும். அதிலிருந்து ஆண் குஞ்சுகள் வரும். அதனால் ஒரே ஒரு பெண் தப்பினாலும் கதை மறுபடி முதலிலிருந்துதான்.

சரி, இப்போ என்ன செய்றது?

முதலில் பிரித்து வையுங்கள். வீட்டில் வேறு பாம்பு இருந்தால், புதுப் பாம்பை வேறு அறைக்கு மாற்றுங்கள். பழையதைக் கவனித்த பிறகுதான் புதியதிடம் போக வேண்டும். பிறகு கையைக் கழுவுங்கள், சட்டையையும் மாற்றிவிடுங்கள். இடுக்கி, கிண்ணம் எதையும் பகிர வேண்டாம்.

அடுத்தது குளியல். காற்றுத் துளை உள்ள டப்பாவில், பாம்பின் பாதி உடம்பு உயரத்துக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் அரை மணி நேரம். பக்கத்திலேயே இருங்கள். நிறைய மைட்ஸ் மூழ்கும், ஆனால் புத்திசாலிகள் நனையாத தலைக்கு ஏறிவிடும். அதனால் தலையை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். குளியல் பாம்புக்கு நிம்மதி தரும். அது மட்டுமே தீர்வு இல்லை.

உண்மையான போர் தொட்டியில்தான். உள்ளே பரப்பியதை எல்லாம் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே எறியுங்கள். மரக்கட்டை, மரப்பட்டை போனால் போகட்டும், விரிசலுக்குள் இருக்கும் முட்டையை யாராலும் தேட முடியாது. தொட்டியைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள். பிறகு சில வாரங்களுக்குச் சமையலறை டிஷ்யூ, தூக்கி எறியக்கூடிய அட்டைப்பெட்டி, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான் அலங்காரம். டிஷ்யூவை அடிக்கடி மாற்றுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் உயிரே போகும் தவறுகள் நடக்கின்றன. கொசு, கரப்பான் ஸ்ப்ரேயை எடுத்துப் பாம்பின் மேல் அடிக்கவே கூடாது. ஃபிப்ரோனில் போன்ற மருந்துகளை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை நேரடியாகத் தெளிக்காமல் துணியில் எடுத்துத் துடைக்கச் சொல்வார்கள். அளவு பாம்பின் எடையைப் பொறுத்தது, அதை நெட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூச்சிமருந்து போட்ட தொட்டி நன்றாகக் காய்ந்து காற்றாடிய பிறகே பாம்பு உள்ளே போக வேண்டும். மருந்து போடும்போது தண்ணீர்க் கிண்ணமும் வெளியே இருக்க வேண்டும். வீட்டில் ஆமை இருக்கிறதா? பாம்புக்குச் சில மருத்துவர்கள் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தடவை மருந்து போட்டதும் புள்ளிகள் காணாமல் போகும். அந்த நேரத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையையும் பிடிக்க, மருத்துவர் சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். டிஷ்யூ சோதனையை வாரத்துக்கு ஒரு முறை தொடருங்கள்.

வாங்கும் முன்பே

மைட்ஸ் இல்லாவிட்டாலும், எந்தப் புதுப் பாம்பையும் குறைந்தது 30 நாள் தனியாக வையுங்கள். 60 அல்லது 90 நாள் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. கடையில் ஒரே அடுக்கில் இருக்கும் மற்றப் பாம்புகளின் தண்ணீர்க் கிண்ணங்களையும் எட்டிப் பாருங்கள். நீங்கள் கேட்கும் பாம்பு சுத்தமாகத் தெரிந்தாலும், பக்கத்துக் கிண்ணம் உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்று. தீபகற்ப மலேசியாவில் பால் பைத்தான் வளர்க்கப் பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது வருகிறது. சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கவே அனுமதி இல்லை, அதனால் அங்குள்ள நண்பருக்குப் பரிசாக அனுப்பும் யோசனை வேண்டாம். உரிமம் இல்லாமல் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அப்போது அவதிப்படுவது அந்தப் பாம்புதான்.