நண்பருக்குக் கொடுத்த கைமாற்று: பத்திரம் இல்லாமல் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

"மச்சி, ஒரு 50,000 இருக்குமா? சம்பளம் வந்ததும் போட்டு விடறேன்." இப்படிக் கேட்கும் நண்பரிடம் யாரும் பத்திரம் எழுதி வாங்குவதில்லை. மாதங்கள் ஓடிய பிறகு, 'எழுத்துல எதுவும் இல்லையே' என்று பலர் பணத்தைக் கைகழுவி விடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

வாய்ப்பேச்சில் கொடுத்த கடன் செல்லுமா?

செல்லும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். சிக்கல் அதை நிரூபிப்பதில் இருக்கிறது.

எவையெல்லாம் ஆதாரம்?

யுபிஐ விவரமும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் பணம் போனதைக் காட்டும்; அது கடன் என்று காட்டாது. 'கிஃப்ட்டாகத்தான் கொடுத்தார்', 'எனக்குத் தர வேண்டிய பாக்கி அது' என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அப்போது கைகொடுப்பது சாட்தான். ஆகவே சண்டை போடாமல், தொகையையும் தேதியையும் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "மார்ச்ல நீ கடனா வாங்கின 50,000-ஐ எப்போ தர முடியும்? மொத்தமா கஷ்டம்னா மாசம் 10,000 போடு." 'அடுத்த மாசம் தர்றேன்' என்று பதில் வந்தால், அது கடன் என்பதற்கு நல்ல ஆதாரம்.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. சாட்டை அழிக்காமல் போனையும் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றத்தில் இவற்றைக் கொடுக்கும்போது, பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும்.

ரொக்கமாகக் கொடுத்தீர்களா? ஏடிஎம்மில் எடுத்த பதிவும் உடனிருந்தவரின் சாட்சியமும் உதவும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவருக்குத்தான்.

எத்தனை நாள் டைம்?

இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பொதுவாகப் பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் நண்பர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். வாட்ஸ்அப் பதிலை மட்டும் இதற்கு நம்பாமல், தாளில் கையெழுத்து வாங்குவதே பாதுகாப்பு.

அடுத்து என்ன செய்யலாம்?

* வக்கீல் நோட்டீஸ்: பல விவகாரங்கள் இதிலேயே முடிந்துவிடும். ஆனால் நோட்டீஸ் அனுப்பியதால் 3 ஆண்டுக் கெடு நீளாது.

* லோக் அதாலத்: வழக்குப் போடும் முன்பே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் சம்மதித்து சமரசமானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

* சிவில் வழக்கு: தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு தொகை என்றால் செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

* செக்: நண்பர் தந்த செக் பணமில்லாமல் திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார் தரலாம்.

போலீஸில் புகார் கொடுக்கலாமா?

திருப்பித் தராதது மட்டுமே மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். கோபத்தில் சோஷியல் மீடியாவில் பெயர் போட்டுத் திட்டினால், அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பலாம்.

முதல் வேலையாக, பணம் அனுப்பிய தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்றாவது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தால், 'கேட்டா தப்பா நினைப்பானோ' என்று தயங்காமல் வக்கீலைப் பாருங்கள்.