கோலத்தின் இலக்கணமும் கணிப்பொறி ஓவிய வரலாறும்

கணிப்பொறி ஓவியத்தின் தோற்றம் கூறுவோர் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டினையே சுட்டுவர். அவ்வாண்டு பிப்ரவரியில் கெயோர்க் நேஸ் என்பார் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலும், ஏப்ரலில் மைக்கேல் நோல் என்பார் நியூயார்க்கிலும் பொறிவழி அமைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தனர். தாளிற் பதிந்து எஞ்சிய படமே அவ்வரலாற்றுக்குச் சான்று. இவ்வளவுகோல் தமிழகத்துக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் விடியலில் வாயில் தெளித்து இடப்பெறும் புள்ளிக்கோலம் நண்பகலுக்குள் காலடியில் அழிந்துபடுகின்றது. அச்சுப்படிபோல் எண்ணிட்டுக் காக்கப்படுவதன்று அது. எஞ்சுவது இடும் முறையே. அம்முறையினை ஆராய்ந்தோர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த அறிஞர். (துறைமுகத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் இயங்கிய அக்கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது.)

புள்ளியியற் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும், இராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோரும் 1972இல் படங்களுக்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். சொற்றொடர் ஒரே வரியில் நீள்வது. படமோ அகலமும் உயரமும் உடையது. ஆதலின் முதற்கண் கிடைவரி ஒன்றைக் குறிகளால் ஆக்கி, பின்னர் அக்குறி ஒவ்வொன்றையும் ஒரே காலத்தில் கீழ்நோக்கி வளர்க்கும் விதிகளை அமைத்தனர். 1974இல் அம்மூவரும் வெளியிட்ட கட்டுரை இத்தகைய இலக்கணங்களைக் கோலத்திற்குப் பொருத்திக் காட்டியது. விதிகள் சிலவே, அவற்றாற் பிறக்கும் கோலங்களோ எல்லையில. நேஸ், நோல் ஆகியோர் தற்செயல் எண்களைத் துணைக்கொண்டனர். இங்கோ தற்செயலுக்கு இடமே இல்லை.

புள்ளிகளைச் சுற்றி இழை ஓடும் கம்பிக்கோலம் இதனினும் அரிது. கிப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த நினைவுத் தொகுதியில், நேரே செல்லல், திரும்பல், வளைந்து மீளல் முதலிய அசைவுகளையே எழுத்துகளாகக் கொண்டு கோலத்தை விளக்கும் கட்டுரை இடம்பெற்றது. படத்தை விடுத்து, வரையும் கையின் போக்கைப் பற்றியதே இம்முறையின் சிறப்பென நாம் கருதுகிறோம்.

இது கொண்டு, கணிப்பொறி பண்டே நம்மவரிடம் இருந்தது என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. கோலமிடுவார் எவரும் பொறிக்கு விதி எழுதினாரல்லர். எனினும் அவர்தம் மரபைச் 'சான்றுப்பொருள்' என்னும் அளவில் ஒதுக்குவதும் பிழையே. விதியை நெஞ்சிற் கொண்டு, புள்ளி பெருகுந்தோறும் அதனை விரித்து இட்டவர் அவரே.

பெண்கள் புள்ளிக்கணக்குடன் கோலம் எழுதிவைக்கும் பழைய ஏடுகள் வடசென்னை இல்லங்களிலிருந்து இனித் தொகுக்கப்படல் வேண்டும். நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி எனப் பகுத்து, 1974ஆம் ஆண்டின் விதிகளோடு அவற்றை ஒப்பிடலாம்.