கடல் கடந்த கருவியும் கரையில் நின்ற உறுதியும்

1960களிலும் 1970களிலும் ஜப்பானிலிருந்து வந்த ஒளிப்படக் கருவிகளைக் கையாண்டோர், அவற்றில் ஒட்டப்பட்டிருந்த பொன்னிறச் சிறு ஒட்டுத்தாளை மறந்திருக்க மாட்டார்கள். நீள்வட்டமான அத்தாளில் ‘பாஸ்டு’ என்ற ஆங்கிலச் சொல் எடுப்பாக அச்சிடப்பட்டிருக்கும். தேர்வில் தேறியது என்பது அதன் பொருள். அழகுக்காக ஒட்டியது என்று எண்ணிப் பலர் அதனைச் சுரண்டி எறிந்தனர். உண்மையில் அஃது ஒரு நாடு இழந்த நற்பெயரை மீட்க எடுத்த முயற்சியின் சின்னம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜப்பான் சரக்கு என்றாலே மலிவும் மட்டமுமான சரக்கு என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது. 1950இல் ‘லைஃப்’ இதழின் ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானில் செய்த நிக்கோர் வில்லைகளைக் கொரியப் போர்க்களத்தில் பயன்படுத்தினார். ஜெர்மானிய வில்லைகளுக்கு அவை சற்றும் இளைத்தவை அல்ல என்பது அதன்பின் மேலைநாட்டாருக்குப் புலனாயிற்று. வந்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே! 1954இல் ஒளிப்படக் கருவிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு நிலையம் தோன்றியது. 1957இல் ஏற்றுமதிச் சோதனைச் சட்டம் பிறந்தது. சோதனையில் தேறிய கருவிகள் மட்டுமே பொன்னிறத் தாளுடன் கப்பலேறின. இந்த ஏற்பாடு 1989 வரை நீடித்தது.

ஆயினும் அந்தத் தாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: துறைமுகத்தை விட்டுப் புறப்படும்பொழுது கருவி நன்றாக இருந்தது. ஓராண்டு கழித்து அதன் மூடுதிரை சிக்கிக்கொண்டால் அதனைச் சீர்செய்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

அந்த வினாவுக்கு விடையாக வந்ததே உத்தரவாதச் சீட்டு. கருவி செய்யும் நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு முகவரை அமர்த்தின. விளம்பரம் செய்வதும், உதிரிப் பாகங்களை வாங்கி அடுக்கி வைப்பதும், பழுது பார்க்கும் தொழில்நுட்பரைப் பழக்கி வைப்பதும் முகவரின் பொறுப்பு. அச்செலவு கருவியின் விலையில் ஏறியது. கடையின் முத்திரையும் கருவியின் எண்ணும் பொறித்த சீட்டு வாங்குபவர் கைக்கு வந்தது. அச்சீட்டைப் பெற்றவர்களுள் பெரும்பாலோர், அதனைக் கருவி செய்தவர் கொடுத்த வாக்கு என்றே நம்பினர். பல வேளைகளில் அஃது உள்ளூர் முகவர் கொடுத்த வாக்கே. முகவரின் எல்லை எங்கே முடிந்ததோ அங்கே வாக்கின் எல்லையும் முடிந்தது.

எல்லையைக் காக்கப் பெயர்களும் துணை செய்தன. 1985இல் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட தானியங்கிக் குவியக் கருவி ஜப்பானில் ‘ஆல்ஃபா 7000’ என்றும், அமெரிக்காவில் ‘மேக்சம் 7000’ என்றும் விற்கப்பட்டது. 2003இல் கேனன் நிறுவனத்தின் மின்னியல் கருவி ஒன்று ஜப்பானில் ‘கிஸ்’, அமெரிக்காவில் ‘ரெபெல்’, மற்ற நாடுகளில் ‘300டி’. ஒரு குழந்தைக்கு மூன்று பெயர்! பெயரைப் பார்த்தவுடன் எந்த நாட்டுச் சரக்கு என்பது பழுது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் வணிகம் எந்த வேலியையும் நெடுநாள் மதித்ததில்லை. ஒரே கருவி ஒரு நாட்டில் மலிவாகவும் மற்றொன்றில் விலை மிகுந்தும் கிடைக்கும்பொழுது, இடையில் ஒருவர் அதனை வாங்கி இங்கிருந்து அங்கே கொண்டுபோவது இயல்பு. 1819 முதல் சுங்கமில்லாத் துறைமுகமாக வளர்ந்த சிங்கப்பூரும், அதனைப் போன்ற ஹாங்காங்கும் இத்தகைய வணிகத்திற்கு ஏற்ற களங்களாயின. 1969இல் அத்தகுதியை இழக்கும்வரை பினாங்கும் இவ்வரிசையில் இருந்தது. முகவர் வழியே வராத இச்சரக்கைச் சீன வணிகர்கள் ‘நீர்ச் சரக்கு’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர்; மேலைநாட்டார் ‘சாம்பல் சந்தை’ என்றனர். கறுப்பும் அன்று, வெள்ளையும் அன்று. சட்ட நூல்கள் இதனை ‘இணை இறக்குமதி’ என்கின்றன. இது கடத்தலும் அன்று, போலிச் சரக்கும் அன்று. அதே ஆலையில் அதே தொழிலாளர் செய்த கருவிதான். சிங்கப்பூரின் 1998ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் இத்தகைய இறக்குமதிக்கு இடமளித்தது.

இவ்வழக்கு மிகப் பெரிதாக வெடித்த இடம் அமெரிக்கா. ஒரு டாலருக்கு 360 யென் என்றிருந்த நிலையான மாற்று விகிதம் 1971இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் நாணயங்களின் மதிப்பு ஏறியும் இறங்கியும் ஆடத் தொடங்கியது. 1980களின் முற்பகுதியில் டாலர் வலுத்தபொழுது, வெளிநாட்டில் வாங்கிய கருவிகளை நியூயார்க் வணிகர்கள் கொண்டுவந்து, முகவர் விலைக்கும் குறைத்து அஞ்சல் வழி விற்றனர். முகவர்களும் வணிகக் குறி உடையோரும் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி நீதிமன்றம் ஏறினர். கே மார்ட் என்ற பேரங்காடியும், 47ஆம் தெரு ஃபோட்டோ என்ற நியூயார்க் கடையும் எதிர்த்து வாதிட்டன. 1988ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு உற்பத்தியாளரும் உள்நாட்டில் குறியை உடையவரும் ஒரே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவராயின், அச்சரக்கைச் சுங்கத்துறை தடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். குறியின் உரிமம் மட்டும் பெற்ற வேற்று நிறுவனங்களின் சரக்குக்கு அச்சலுகை இல்லை.

சரக்கு உள்ளே வரலாமா என்பதே நீதிபதிகள் முன் இருந்த வினா. வந்த சரக்கைப் பழுது பார்ப்பவர் யார் என்பது அன்று. ஆகவே வென்றவர் வணிகர். வாங்கியவர் பழைய இடத்திலேயே நின்றார்.

துணைப்பொருள்களின் கதை இதைவிடச் சுவையானது, வாங்கியவர்களுக்கோ கசப்பானது. விளம்பரத்தில் காணும் விலை வியப்பூட்டும். தொலைபேசியில் அழைத்துக் கருவியைக் கேட்டால், “உறை வேண்டாமா? வார் வேண்டாமா? மின்கலம் வேண்டாமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். உற்பத்தியாளர் கருவியோடு பெட்டியில் வைத்து அனுப்பிய பொருள்களே அவை. பெட்டியைத் திறந்து அவற்றை எடுத்துவிட்டுத் தனி விலைக்கு மீண்டும் விற்கும் கடைகள் இருந்தன. எல்லாம் கூட்டிப் பார்த்தால் முகவர் விலையை எட்டிவிடும். சில வேளைகளில் தாண்டியும் போகும். நாணயமாக விற்ற வணிகரும் அக்காலத்தில் பலர் இருந்தனர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

1990களின் இறுதியில் இணையம் வந்தது. அஞ்சல் விளம்பரம் திரைக்கு மாறியது. கோலாலம்பூரில் இருப்பவர் ஹாங்காங் கடையிலோ தோக்கியோ கடையிலோ நேரே வாங்கலானார். துன்பம் பழையது, வடிவம் புதிது. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். மலேசியாவில் 240 வோல்ட்டாக இருந்து பின்னர் 230 என வகுக்கப்பட்டது. 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட பழைய மின்னேற்றியை இங்கே செருகினால் அதன் ஆயுள் அன்றே முடியும். பின்னாளைய மின்னேற்றிகள் 100 முதல் 240 வரை தாங்கின. ஆனால் அவற்றின் இரு தட்டை முனைகள் இங்குள்ள மூன்று முனைத் துளையில் பொருந்தா. ஜப்பானில் மட்டும் விற்பதற்கென்று செய்த சில கருவிகளின் திரையில் ஜப்பானிய மொழியன்றி வேறு மொழி வராது. அக்கருவியை ஒரு பள்ளி வாங்கியிருந்தால், மாணவர் படமெடுக்கக் கற்குமுன் ஜப்பானிய எழுத்தைக் கற்க வேண்டியதுதான்!

பழுது நேர்ந்தாலோ, ‘கடை உத்தரவாதம்’ என்ற சீட்டைக் காட்டுவார்கள். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அன்று அது. விற்றவர் தாமே பழுது பார்த்துத் தருவார் என்பது அதன் பொருள். திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழும். தனித்து அனுப்பும் லித்தியம் மின்கலங்கள் பயணிகள் வானூர்தியில் சரக்காகச் செல்ல 2016 ஏப்ரல் முதல் பன்னாட்டு விதி தடை விதித்தது. மின்கலம் கெட்டால் அதனை மட்டும் அனுப்பி மாற்றுவதும் இதனால் எளிதன்று. 2024இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 160 யென் என்னும் அளவுக்கு யென் சரிந்தது. 1986க்குப் பின் காணாத சரிவு அது. ஜப்பானியக் கடைகளின் விலை மீண்டும் அயல்நாட்டாரை ஈர்த்தது.

சட்டம் என்ன செய்தது? 1970இல் தொடங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் முதலியவற்றின் நெடுநாள் உழைப்பு ஒரு பக்கம் இருக்க, மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இல் நிறைவேறியது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருத்தல் வேண்டும், பழுது பார்க்கவும் உதிரிப் பாகம் பெறவும் வழி இருத்தல் வேண்டும் என்ற உறுதிகளை அது தந்தது. ஆயினும் மின்னியல் வழி வணிகத்தை அது தொடக்கத்தில் விலக்கியே வைத்திருந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்விலக்கை நீக்கியது. இணையத்தில் விற்பவர் தம் பெயர், முகவரி, முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்ற விதிகள் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கும் தொகையின் வரம்பும் 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

இச்சட்டத்தின் சொற்பொருள் விளக்கத்தில் ஓரிடம் ஊன்றிப் படிக்கத்தக்கது. வெளிநாட்டு உற்பத்தியாளருக்கு மலேசியாவில் தொழிலிடம் இல்லையெனில், அப்பொருளை இறக்குமதி செய்தவரும் விநியோகித்தவரும் உற்பத்தியாளராகவே கருதப்படுவர். நல்ல ஏற்பாடுதான், யாரேனும் ஒருவர் உள்நாட்டில் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் இணையத்தில் அயல்நாட்டுக் கடையிடம் நேரே வாங்கும்பொழுது, கருவியை நாட்டுக்குள் தருவிப்பவர் வாங்குபவரே. நடுவர் மன்றத்தில் அவர் யாரைச் சுட்டுவார்? விற்றவர் மீது தீர்ப்புப் பெற்றாலும், ஹாங்காங்கில் ஒரு மாடியறையில் கடை வைத்திருப்பவரிடம் அத்தீர்ப்பை நிறைவேற்ற மலேசிய அலுவலர் செல்ல முடியாது. பழைய பொன்னிறத் தாளில் ஜப்பானிய அரசின் சட்டமாவது பின்னால் நின்றது. இந்தப் பெட்டியின் பின்னால் நிற்பவரைத் தேட, அனுப்பியவர் முகவரிச் சீட்டு ஒன்றே மிஞ்சுகிறது.